சார் இல்லாமல் இறங்கிய காலை

எங்கள் நான்கு பேரில் தமிழும் தெரிந்து இந்தியும் தெரிந்தவர் சார் மட்டும்தான். நானும் என் கணவரும் சொல்வதை அவர் வழிகாட்டிக்கு இந்தியில் சொல்வார். வழிகாட்டி சொல்வதை எங்களுக்குத் தமிழில் சொல்வார். அந்தப் பனிமலையில், கூடாரத்துக்குள், சாரின் பேச்சு குழறத் தொடங்கியபோது எனக்கு முதலில் வந்த பயம், இனி வழிகாட்டியிடம் யார் பேசுவது என்பதுதான். அவர் சாகக்கூடும் என்ற நினைப்பே அதற்குப் பிறகுதான் வந்தது.

சார் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வடக்கே பனிமலைகளில் வருஷக்கணக்காகக் காவல் இருந்தவர். ஒரகடத்தில் என் கணவர் வேலை செய்யும் கார் தொழிற்சாலையில் செக்யூரிட்டி ஆபீசராகச் சேர்ந்தார். ஸ்ரீபெரும்புதூரில் வீடு. பிள்ளைகள் இல்லை. அவர் மனைவி வீட்டின் முன்பகுதியில் இட்லி மாவு அரைத்து விற்றுக்கொண்டிருந்தார்.

என் கணவர் அந்தத் தொழிற்சாலையின் பெயின்ட் ஷாப்பில் ஃபிட்டர். ஒருமுறை அங்கே ஓட்டப்பந்தயம் வைத்தார்கள். ஓடி முடித்த பிறகு மற்றவர்களெல்லாம் தரையில் உட்கார்ந்துவிட, இவர் மட்டும் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறார் சார். "உனக்கு மூச்சு நல்லா கீதுப்பா. மலை ஏற வர்றியா?" என்று கேட்டாராம். அப்படித்தான் ஆரம்பித்தது. முதல்முறை பர்வதமலைக்கு இவர்கள் இருவரும் போய்வந்தார்கள். இரண்டாம் முறை நானும் வருகிறேன் என்றேன். நான் வேலை செய்வது காருக்கான ஒயர்களைக் கோத்துக் கட்டும் லைனில். ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே இருக்கும் வேலை. கால் வலிக்காமல் நிற்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவனவிட நீதாம்மா ஏறுவ போலகீது" என்றார்.

அதன்பிறகு காலை ஷிப்டுக்கு முன்னால் வடக்குப்பட்டு சாலையில் முதுகில் மணல் பை கட்டிக்கொண்டு நாங்கள் ஓடுவது ஊருக்கே வேடிக்கையாகப் போனது. "புருசனும் பொண்டாட்டியும் மூட்டைய கட்டிகினு எந்த ஊருக்கு ஓட்றீங்க?" என்று டீக்கடையில் கேட்பார்கள். என் மாமியார் வெட்கப்பட்டார். என் மகளுக்கு மட்டும் பெருமை. வடக்கே சிறிய பனிமலைகளில் பயிற்சி எடுத்து, கயிறும் பனிக்கோடரியும் பழகிய பிறகுதான் ஹிமாசலத்தில் இருந்த அந்தப் பெரிய மலைக்கு சார் எங்களைக் கூட்டிப்போனார். ஆறாயிரம் மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. வழிகாட்டி அந்த மலையடிவாரக் கிராமத்துக்காரர். அடிமுகாமில் ஒரு சமையல்காரர் இருந்தார். மேலே ஏறியது நாங்கள் நால்வர் மட்டும்.

மேல் முகாமிலிருந்து உச்சிக்குக் கிளம்பிய காலை வானம் துடைத்துவைத்தது போல இருந்தது. வெயில் ஏறியபோது உச்சி கண்ணெதிரே நின்றது. இன்னும் ஒரு சரிவு, அதற்குமேல் ஒரு முகடு, அவ்வளவுதான். அப்போது சார் நின்றார். மேற்கே பார்த்தார். அங்கே மலைகளுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஏதோ எழும்பி நின்றது. வழிகாட்டியும் அவரும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள்.

"திரும்பு" என்றார் சார்.

"சார், இதோ தெரியுது சார். கொஞ்ச தூரந்தான்" என்றார் என் கணவர்.

"மல எங்கயும் ஓடிப்பூடாது. திரும்புன்றேன்ல."

திரும்பிவிட்டோம். ஆசைப்பட்டுப் போய் மாட்டிக்கொண்டார்கள் என்று பிற்பாடு எங்கள் ஊரிலேயே பேசினார்கள். டிவியில் ஒருவர் அதைத் தத்துவமாகவே பேசினார். உச்சியைத் தொடாமல், திரும்பவேண்டிய இடத்தில் திரும்பித்தான் வந்தோம். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டு மறுபடியும் ஆசையைப் பற்றியே பேசுவார்கள்.

பாதி வழி இறங்குவதற்குள் புயல் எங்களைப் பிடித்துவிட்டது. முதலில் சூரியன் மங்கியது. பிறகு எனக்கு முன்னால் போன வழிகாட்டியின் முதுகு மறைந்தது. பிறகு என் முழங்கால் எனக்குத் தெரியவில்லை. மேலும் வெள்ளை, கீழும் வெள்ளை. எது சரிவு, எது காற்று என்று தெரியாமல் கால் வைக்கவேண்டியிருந்தது. பனித்தூள் மணல் போல முகத்தில் அறைந்தது. பெயின்ட் ஷாப்பில் காற்றைப் பீய்ச்சும் ஏர் கன்னை முகத்துக்கு நேராகத் திறந்துவிட்ட மாதிரி இருந்ததாக என் கணவர் பிறகு சொன்னார். நால்வரும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தோம். வழிகாட்டி முன்னால், அடுத்து நான், எனக்குப் பின்னால் என் கணவர், கடைசியில் சார். கயிறு இழுபட்டால் நடப்பேன், தொய்ந்தால் நிற்பேன். இடையில் காற்று என்னைத் தூக்கிப் பக்கவாட்டில் எறிந்தது. நான் சரிந்துகொண்டே போக, பின்னாலிருந்து இருவரும் கோடரியைப் பனியில் குத்திப் படுத்து என்னை நிறுத்தினார்கள். அப்போது சார் போட்ட சத்தம் மட்டும் காற்றையும் மீறிக் கேட்டது. "புடிச்சிட்டோம்மா! எழுந்துக்கோ! எழுந்துக்கோ!"

மேல் முகாமில் இரண்டு கூடாரங்கள் போட்டிருந்தோம். வந்து பார்த்தபோது ஒன்றுதான் இருந்தது. மற்றது இருந்த இடத்தில் கிழிந்த துணியின் ஓரம் ஒன்று படபடத்தது. சாரின் ஸ்லீப்பிங் பேக், கேஸ் சிலிண்டர்களில் பாதி, சாப்பாட்டில் பெரும்பகுதி எல்லாம் அதற்குள் இருந்தவை. இரண்டு பேர் படுக்கும் கூடாரத்துக்குள் நான்கு பேரும் நுழைந்தோம். வழிகாட்டி வாக்கி டாக்கியில் அடிமுகாமைக் கூப்பிட்டார். கீழிருந்து யாரும் ஏறிவர முடியாது, இருக்கிற இடத்திலேயே இருங்கள் என்று சொன்னதாக சார் எங்களுக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் அதன் பேட்டரி குளிரில் செத்துப்போனது.

மறுநாளும் அப்படியே அடித்தது. கூடாரத்தின் கம்பிகள் வளைந்துவிட்டதால் நாங்கள் முதுகைக் கொடுத்துத் துணியைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே பனி குவியக் குவியக் கூடாரம் நசுங்கும். முறைவைத்து ஒருவர் வெளியே தவழ்ந்துபோய்ப் பனியை அள்ளித் தள்ளிவிட்டு வரவேண்டும். இருந்த கேஸில் பனியை உருக்கி ஆளுக்கு இரண்டு வாய் தண்ணீர் குடித்தோம். கேஸ் தீர்ந்த பிறகு அதுவும் இல்லை.

சார் இருமத் தொடங்கியிருந்தார். முதலில் வறட்டு இருமல். என்னுடைய ஸ்லீப்பிங் பேக்கை அவருக்குக் கொடுத்துவிட்டு நான் என் கணவரோடு ஒண்டிக்கொண்டேன். வேண்டாமென்று என்னோடு சண்டை போட்டார். சண்டை போடவும் மூச்சு இல்லாமல் போனதும் வாங்கிக்கொண்டார். அவர் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. இளநீர் தீரும்போது ஸ்ட்ராவில் வருமே, அந்தச் சத்தம்.

"இது இன்னா சார் சத்தம்?" என்று கேட்டேன்.

"நுரையீரல்ல தண்ணி கோத்துகினு கீதும்மா. பட்டாளத்துல பாத்துகீறேன். கீழ எறக்கினா சரியாயிடும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கீழதான் எறங்க முடியாது."

மருந்துப் பையில் இருந்த மாத்திரையை அவரே பார்த்து எடுத்துக்கொண்டார். ஒன்றும் மாறவில்லை.

நான் தூக்கிட்டுப் போறேன் என்று என் கணவர் கிளம்பினார். காற்று கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது. சாரை ஸ்லீப்பிங் பேக்கோடு கயிற்றில் கட்டினோம். பனியில் வழுக்காமலிருக்க பூட்ஸுக்கடியில் முள்தட்டை மாட்டிக்கொண்டு வெளியே இழுத்தோம். முடிச்சுப் போட வரவில்லை என்று நான் இடது கையுறையைக் கழற்றினேன். கழற்றி வாயில் கவ்வுவதற்குள் காற்று அதைப் பிடுங்கிக்கொண்டு போனது. வெறும் கையால் முடிச்சைப் போட்டேன். போட்டும் பிரயோசனமில்லை. பத்தடி போவதற்குள் என் கணவரைக் காற்று தள்ளி விழவைத்தது. எழுந்தார், மறுபடி விழுந்தார். வழிகாட்டி அவர் காலைப் பிடித்துக்கொண்டு கத்தினார். சார் படுத்தபடியே கையை அசைத்து வேண்டாம், வேண்டாம் என்று காட்டினார். கிளம்பிய இடத்துக்கே அவரை மறுபடி இழுத்துவந்தோம். கூடாரத்துக்குள் வந்ததும் என் கணவர் முகத்தைக் கூடாரத் துணிப்பக்கம் திருப்பிக்கொண்டு அழுதார். கண்ணீர் இமையிலேயே உறைந்து, நான் ஊதிப் பிரித்துவிடவேண்டியிருந்தது.

அதன்பிறகுதான் சாரின் பேச்சு குழறியது. எங்கே இருக்கிறோம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. தொழிற்சாலை கேட்டில் நிற்பதாக நினைத்துக்கொண்டார்.

"ஐடி கார்டு எங்க? எல்லாரும் அப்டியே வெளிய நில்லு."

என் கணவர் தன் வெறும் கையைக் காட்டினார். "கீது சார். இதோ கீது பாருங்க."

"சரி, போ. ஷூ போட்டுகினு போ." என்னைப் பார்த்தார். "நீ எந்த கம்பெனிம்மா? இங்க ஏன் வந்து நிக்கிற? பஸ்ஸ வுட்டுட்டியா?"

"ஆமா சார். வுட்டுட்டேன்."

"இரு, வேற வண்டி சொல்றேன்."

வழிகாட்டி என்னை ஒன்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை. சாரிடம் கேட்கலாமென்று அவர் பக்கம் திரும்பிய பிறகுதான் இனி அது நடக்காது என்பது உறைத்தது. நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகிடக்கிறோம், எங்களுக்குள் பேச வார்த்தை இல்லை.

வெளிச்சம் வந்தபோது காற்று நின்றிருந்தது. அந்த அமைதியில்தான், சாரின் நெஞ்சிலிருந்து சத்தம் வரவில்லை என்பதைக் கவனித்தேன்.

என் கணவர் அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்தார். நானும் என்னால் முடிந்த மாதிரி சோதித்துப் பார்த்தேன். வழிகாட்டி கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியைக் கழற்றினார். பிறகு அவர் வேகமாகப் பேசத் தொடங்கினார். வானத்தைக் காட்டினார், கீழே காட்டினார். என் லைனில் என்னோடு நிற்கும் ஜார்க்கண்ட் பெண்கள் பேசும்போது நான் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைகள் எனக்கு வந்தன. "பையா, தீரே போலோ." மெதுவாகப் பேசுங்கள் என்று அர்த்தம். அவர் நிறுத்தினார். நான்கு விரல்களைக் காட்டினார். ஒன்றை மடக்கினார். மிச்சமிருந்த மூன்றையும் என் முகத்தருகே கொண்டுவந்து ஆட்டினார். "தீன், தீதி. தீன்." தீன் என்றால் மூன்று, தீதி என்றால் அக்கா. மறுபடி காற்று எழுவதற்குள் போனால் மூன்று பேராவது பிழைப்போம் என்கிறார். நன்றாகவே புரிந்தது.

என் கணவர் அசையவில்லை. "சார வுட்டுட்டு நான் வர்ல."

"வூட்டுல பொண்ணு கீறா. எழுந்துருங்க."

"நீ போ. நான் இவரோட இருக்கேன்."

"நான் போயி இன்னான்னு சொல்லுவேன் அவளாண்ட? எழுந்துருங்க!"

எழவில்லை. நான் அவரை அறைந்தேன். எங்களுக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் செய்யாத காரியம். கன்னத்தில் கை விழுந்த சத்தம் கேட்டது. என் இடது கைக்கு எதுவுமே தெரியவில்லை. மரக்கட்டையால் அடித்த மாதிரி இருந்தது. அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். விரல்நுனிகள் மெழுகு போல வெளுத்திருந்தன. அதைப் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

சாரை நேராகப் படுக்கவைத்தோம். ஸ்லீப்பிங் பேக்கின் ஜிப்பைத் தலைவரை இழுத்துவிட்டேன். காற்று கொண்டுபோய்விடக்கூடாது என்று அவரையும் கூடாரத்தையும் கயிற்றால் பனியில் அடித்த ஆணியோடு சேர்த்துக் கட்டினார் வழிகாட்டி. திரும்பவும் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற நினைப்பில்தான் கட்டினோம்.

இறங்கிய வழி எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. இடுப்புவரை பனி. வழிகாட்டி உடலால் உழுது பாதை போட்டார். என் கணவர் அடிக்கடி திரும்பிப் பார்த்து நின்றுவிடுவார், நான் கயிற்றை இழுப்பேன். பாதியில் காற்று மறுபடி வந்தது. ஆனால் அதற்குள் நாங்கள் பாறைகளுக்குக் கீழே வந்திருந்தோம். அடிமுகாமின் சமையல்காரர் எதிரே ஓடிவந்து தலைகளை எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாலை தொடங்கும் இடத்தில் இருந்த ராணுவச் சாவடியில் என் கைக்குக் கட்டுப்போட்டு, பேசுவதற்கு போன் கொடுத்தார்கள். என் கணவரால் முடியவில்லை. நான்தான் அக்காவைக் கூப்பிட்டேன். சாரின் மனைவியை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்.

"அக்கா, நாந்தான்."

"ஐயோ, நீயா! டிவில இன்னான்னாவோ சொல்றாங்களேம்மா! ஒண்ணும் கேக்கல, இரு. கிரைண்டர ஆஃப் பண்ணிட்டு வர்றேன்."

கிரைண்டர் சத்தம் மெல்ல மெல்லக் குறைவது போனில் கேட்டது. கல் சுற்றிச் சுற்றி அடங்கியது. அது அடங்காமலே சுற்றிக்கொண்டிருக்கக்கூடாதா என்று இருந்தது எனக்கு.

"ம், சொல்லு. அவரு பக்கத்துல கீறாரா? குடு அவராண்ட."

நான் வாய் திறந்தேன். குரல் வரவில்லை. அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

வானம் தெளிந்ததும் மீட்புக்குழு மேலே போனது. வழிகாட்டியும் கூடப் போனார். எங்கள் கூடாரம் இருந்த சரிவு முழுக்கப் பனிச்சரிவு விழுந்து மூடியிருந்தது. நீளக் கம்பிகளால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். ஒன்றும் தட்டுப்படவில்லை. நாங்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினோம்.

என் இடது கையில் இரண்டு விரல்நுனிகளை எடுத்துவிட்டார்கள். மெல்லிய ஒயரைப் பிடித்துச் செருக முடியாததால் லைனிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினார்கள். என் கணவர் வேலைக்குப் போகிறார், வருகிறார். அந்த கேட் வழியாக உள்ளே போவது அவருக்கு எப்படி இருக்கிறது என்று நான் கேட்டதில்லை.

சர்ச்சில் சாருக்காகத் திருப்பலி வைத்தார்கள். கல்லறைத் தோட்டத்தில் ஒரு கல்லாவது நடலாம் என்று உறவுக்காரர்கள் சொன்னபோது அக்கா மறுத்துவிட்டார். "உள்ள யாருமே இல்லாத குழிக்கு நான் எதுக்குப் பூ வெக்கணும்?"

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி கொடுத்தேன், தொடவில்லை. என் கணவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. குளிர்ல மூச்சு ரொம்ப மெல்லமா வரும்ன்றாங்க. செத்துட்டாங்கன்னு வுட்டுட்டு வந்தவங்க எழுந்து நடந்து வந்துகீறாங்களாம். நீ நல்லா பாத்தியா?"

"பாத்தேங்க்கா."

"எப்டி பாத்த?"

அக்கா கண்ணாடி போட்டிருந்தார். நான் அதைக் கழற்றி வாங்கினேன். அவர் மூக்குக்குக் கீழே பிடித்தேன். சில்லில் ஆவி படிந்து வெளுத்தது. "சாரோட படிக்கிற கண்ணாடி அவரு சட்டைப்பையில இருந்துச்சுக்கா. அத்த எடுத்து இதேமாதிரி வெச்சேன். ரொம்ப நேரம் வெச்சிருந்தேன். இது படியலக்கா."

அக்கா கண்ணாடியைக் கையில் வாங்கி அந்த வெளுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கரைந்து போனதும் முந்தானையால் துடைத்துப் போட்டுக்கொண்டார். நம்பினார் என்றுதான் நினைத்தேன். அடுத்த மாதம் வந்து அதே கேள்வியைக் கேட்டார். நானும் அதே பதிலைச் சொன்னேன். இப்போதும் கேட்கிறார்.

பனி உருகும் காலத்தில் ஒவ்வொரு முறையும் நான் வழிகாட்டிக்குப் போன் செய்வேன். இப்போது என் இந்தி கொஞ்சம் தேவலை. வேறு குழுக்களோடு அவர் அந்தப் பக்கம் போய்வருவார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்பேன். "நஹி, தீதி", இல்லை என்பார். அதை நான் அக்காவுக்குச் சொல்வேன்.

இந்தமுறை வழிகாட்டியே கூப்பிட்டார். வடக்குப்பட்டு ஸ்டாப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். அவர் எண்ணைப் பார்த்ததும் சாரைக் கண்டெடுத்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். விஷயம் வேறு. அந்தச் சரிவுக்குப் போகும் பாதையில் பனி உடைந்து பெரிய பிளவு விழுந்துவிட்டதாம். அந்தப் பக்கமாக இனி யாரையும் ஏற விடமாட்டார்களாம். தீதி, மன்னித்துவிடுங்கள் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

தள்ளிப்போட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும். அங்கேயே நின்று அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். டிரெய்லர் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒரு காதைப் பொத்திக்கொண்டு அவர் பதிலுக்குக் காத்திருந்தேன்.

"யாரும் போவ மாட்டாங்களா?"

"மாட்டாங்களாம்க்கா."

அக்கா சின்னக் குரலில் கேட்டார். "நாம போனா? நீ வழி காட்ட மாட்டியா? உனக்குத் தெரியும்ல அந்த எடம்."

"அக்கா, பஸ் வந்துடுச்சு. அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன்.

பஸ் வந்திருக்கவில்லை. அதன்பிறகும் நான் போனைக் கையில் பிடித்தபடி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.